வேப்பெண்ணெய் மீசை

முத்துக்குமாரசாமி கரண்டுக்குப் பயந்தவன் இல்லை. இருபத்தியொரு வருஷமாக மேலகரத்திலும் தென்காசியிலும் அவன் வயர் இழுக்காத தெரு குறைவு. கம்பியில் கரண்டு இருக்கிறதா என்று பார்க்க அவனுக்கு டெஸ்டர் வேண்டாம். ஆள்காட்டி விரலின் முதுகை லேசாக ஒட்டி எடுப்பான். "இருக்கு" என்பான். உள்பக்கத்தால் தொட்டால் பிடித்துக்கொள்ளும், முதுகால் தொட்டால் உதறிவிடும். அவ்வளவுதான் அவன் படித்த பாடம். வயரின் தோலை உரிக்கவும் கருவி கிடையாது. மேல்வரிசை முன்பல்லில் வயர் கச்சிதமாக உட்காருகிற மாதிரி ஒரு பள்ளமே விழுந்திருந்தது. "மெயினை ஆஃப் பண்ணட்டுமா?" என்று வீட்டுக்காரர்கள் கேட்டால், "எதுக்கு? ஃபேன் ஓடட்டும், வேர்க்கும்லா" என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறுவான்.

அப்பேர்ப்பட்டவனுக்கு வயர்மேன் பரீட்சை என்றால் பயம்.

துபாயிலிருந்து திரும்பி வந்து ஒப்பந்தம் எடுத்து நடத்துகிற ஹபீபுல்லா பாயிடம்தான் அவனுக்கு வேலை. பாய் தென்காசியில் புதுக் கல்யாண மண்டபம் ஒன்றின் வயரிங்கைப் பிடித்திருந்தார். ஆறு மாத வேலை. ஆனால் சான்றிதழ் இருக்கிறவன்தான் அங்கே போர்டில் கை வைக்க வேண்டும் என்று மண்டபத்துக்காரர்கள் எழுதி வாங்கிவிட்டார்கள்.

"இந்தத் தடவையும் கோட்டை விட்டீருன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாதுவே. புவனேஷுக்குக் கீழ நின்னு பைப்பு பொருத்த வேண்டியதுதான்" என்றார் பாய்.

"புவனேஷுக்குக் கீழயா? பாய், அவன் பல்பு மாட்டும்போதே கண்ண மூடிக்கிட்டுல்லா மாட்டுதான்."

"கண்ண மூடிக்கிட்டு மாட்டுனாலும் பாஸானவன்வே அவன்."

புவனேஷ் டிப்ளமோ முடித்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. அவன் 'அண்ணாச்சி, அந்தப் பைப்பை எடுங்க' என்று சொல்லப்போவதை நினைத்ததும் முத்துக்குமாரசாமி பாதிச் சோற்றிலேயே எழுந்து கை கழுவினான்.

'இந்தத் தடவையும்' என்று பாய் சொன்னதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் திருநெல்வேலியில் செய்முறைத் தேர்வு. அதிகாரி ஒரு துண்டு வயரைக் கொடுத்து, போர்டில் இணைத்துக் காட்டச் சொன்னார். கையில் வாங்கியதும் வயர் தானாக வாய்க்குப் போய்விட்டது. ஒரே இழுப்பு. "த்தூ" என்று துப்பிய தோல் போய் அதிகாரியின் பூட்ஸ் மேல் விழுந்தது. அவர் குனிந்து பூட்ஸைப் பார்த்து நிமிர்வதற்குள், இவன் விரல் முதுகைக் கம்பியில் ஒட்டி எடுத்து, பல்லெல்லாம் தெரிய, "இருக்கு சார்" என்றான்.

"வெளிய போய்யா" என்றார் அதிகாரி. எல்லாம் சேர்த்து மூன்றரை நிமிஷம்.

இந்த வருஷத் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஹால் டிக்கெட் வந்தது. அன்றிலிருந்து அவன் விடிவதற்குள் நாலு தடவை கக்கூஸுக்குப் போனான். வேலை தெரியாதவனுக்குப் பயம் வந்தால் படித்துத் தீர்த்துக்கொள்ளலாம். இவனுக்கு வேலை தெரியும். தெரிந்ததை மறப்பதுதான் பாடம். அதற்கு எந்தக் கடையிலும் கைடு விற்கவில்லை.

அவன் பெண்டாட்டி உலகம்மாள் பீடி சுற்றுகிறவள். மடியில் தட்டை வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரில் பழைய போர்டு ஒன்றை மாட்டச் சொன்னாள்.

"செய்யுங்க, பாப்போம். நாந்தான் ஆபீசர்."

அவன் வயரை எடுத்தான். வயர் வாய்க்குப் போனது.

"வாய்!" என்று கத்தினாள் உலகம்மாள்.

வயரைக் கீழே போட்டுவிட்டு ஆள்காட்டி விரலை நீட்டினான்.

"விரலு! விரலை எடுங்க!"

முற்பகல் முழுக்க இதே சத்தம். பக்கத்து வீட்டு சைதூன் பீவி பொறுத்துப் பார்த்துவிட்டு மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள். "ஏட்டி உலகு, காலையில இருந்து வாயிங்குத, விரலுங்குத. பட்டப்பகல்ல என்னட்டி நடக்குது அங்கன?"

"பரீட்சைக்குப் படிக்கோம் மதினி."

"எந்தப் பரீட்சையில இதெல்லாம் கேக்காவ?" என்று சொல்லிவிட்டு சைதூன் பீவி தலையை இழுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் உலகம்மாள் ஒரு முடிவுக்கு வந்தாள். வீட்டில் கிடந்த வயர்த் துண்டுகள் எல்லாவற்றிலும் வேப்பெண்ணெயைத் தடவி வைத்தாள். "பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க என்ன செஞ்சேன்? அதேதான். பத்து மாசப் பிள்ளையே மறந்துச்சு. உங்களுக்கென்ன?"

முதல் நாள் இரண்டு தடவை வாந்தி எடுத்தான். இரண்டாம் நாள் ஒரு தடவை. மூன்றாம் நாள் வயர் மோவாய் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. உலகம்மாளுக்குச் சந்தோஷம். ஆனால் அங்கே நின்ற கை சும்மா நிற்கவில்லை, கிடுகிடுவென்று நடுங்கியது. அதன் பிறகு ஸ்க்ரூவைத் திருகும்போதும் நடுங்கியது. சோற்றைப் பிசையும்போதும் நடுங்கியது.

பாய் பார்த்துவிட்டார். "சூடுவே. தலையில சூடு ஏறியிருக்கு. வாரும், குத்தாலத்துக்குப் போவோம்."

நல்ல சீசன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மெயினருவிக்குப் பக்கத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் ஒருவர் அவனைப் பலகையில் குப்புறப் போட்டுப் பிசைந்தார். "என்ன அண்ணாச்சி, முதுகு இரும்பாட்டம் இருக்கு? வீட்ல சண்டையா?" என்றார். "பரீட்சை" என்றான். "இந்த வயசுலயா?" என்று கேட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் எண்ணெயை ஊற்றினார்.

அருவிக்கு அடியில் கால் மணி நேரம் நின்றான். தண்ணீர் மண்டையில் மண்வெட்டியால் கொத்துவது போல் விழுந்தது. போலீஸ்காரர் விசில் ஊதி வெளியே இழுத்த பிறகுதான் வந்தான். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"எப்பிடிவே இருக்கு?" என்றார் பாய் ஆசையாக.

"பாய், எர்த் வயரு என்ன கலரு?"

"பச்சை."

"நல்ல காலம். உள்ள நிக்கும்போது மறந்து போச்சு."

பாய் துண்டால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். "குத்தாலத்துல குளிச்சா பைத்தியம் தெளியும்பாவ. உமக்கு இருந்ததும்லா போயிட்டு!"

தேர்வு நாளும் வந்தது. உலகம்மாள் அவன் நெற்றியில் திருநீறு பூசினாள். பிறகு கிண்ணத்தில் விரலை முக்கி அவன் மீசை முழுக்க வேப்பெண்ணெயைத் தடவினாள்.

"ஏட்டி, என்னட்டி செய்யுத?"

"அங்கன வயருல நான் தடவ முடியுமா? உங்க பல்லுல தடவுனா நக்கிருவீய. இப்ப வயரு வாய்ப்பக்கம் வந்தா மூக்கே சொல்லிரும், போங்க."

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஆலங்குளத்துக்கு டிக்கெட் எடுத்திருந்தும் அடுத்த நிறுத்தத்திலேயே எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பாவூர்சத்திரத்தில் ஏறிய ஒரு பெரியம்மா காலியாகக் கிடந்த இடத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை மோந்து பார்த்தாள். "என்ன தம்பி, தலையில பேன் தொல்லையா?"

"இல்லம்மா, பரீட்சை."

அவளும் எழுந்துவிட்டாள்.

தேர்வுக்கூடத்தில் அதே அதிகாரி. அதே பூட்ஸ்.

"உம்மை எங்கயோ பாத்திருக்கேனே?"

"இல்ல சார். எனக்கு ஒரு அண்ணன் உண்டு" என்றான். அவனுக்கு அண்ணன் கிடையாது.

அதிகாரி வயரைக் கொடுத்தார். கை மேலே போனது. மூக்கில் கசப்பு ஏறியதும் குமட்டிக்கொண்டு வந்தது. கை மோவாயில் நின்றது. உலகம்மாள் கத்துவது காதிலேயே கேட்டது. கையை இறக்கிக் கருவியை எடுத்து, சின்னப் பிள்ளை பென்சில் சீவுகிற மாதிரி தோலை உரித்தான். பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

"போர்டுல சப்ளை இருக்கான்னு பாரும்."

ஆள்காட்டி விரல் நீண்டது. விரலுக்கு உலகம்மாள் ஒரு மருந்தும் தடவி அனுப்பவில்லை. அது இருபத்தியொரு வருஷப் பழக்கத்தில் கம்பியைப் பார்த்துப் போனது. போகிற விரலை அவன் பார்த்தான். காற்றில் அகப்பட்ட வாழை இலை மாதிரி அது ஆடிக்கொண்டிருந்தது. கம்பிக்கு முன்னால் தன் விரல் ஆடுவதை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறான். இந்த ஆட்டத்தில் முதுகு பட வேண்டிய இடத்தில் உள்பக்கம் பட்டுவிட்டால்? பட்டால் பிடித்துக்கொள்ளும். பிடித்தால் விடாது. போன மாதம், போன வாரமெல்லாம்கூடக் கம்பி இப்படித்தானே பிடிக்கக் காத்திருந்தது என்று அப்போதுதான் தோன்றியது.

விரலை மடக்கிக்கொண்டான். மேஜையில் கிடந்த கையுறையை மாட்டினான். டெஸ்டரை எடுத்து, அது எரிகிறதா என்று வேறொரு பாயிண்டில் சரிபார்த்துவிட்டு வந்து போர்டில் வைத்தான். "இருக்கு சார்" என்றான் ஈனக்குரலில். போய் மெயினை அணைத்தான். அணைத்தது அணைந்துதான் இருக்கிறதா என்று மறுபடியும் டெஸ்டரை வைத்தான். நம்பிக்கை வராமல் இன்னொரு தரம் வைத்தான். அதன் பிறகுதான் வயரை இணைத்தான். மற்றவர்கள் பதினைந்து நிமிஷத்தில் முடித்த வேலை அவனுக்கு நாற்பது நிமிஷம் பிடித்தது.

அதிகாரி கிட்டே வந்தார். மூக்கைச் சுளித்து ஓர் அடி பின்னால் போய் நின்றார்.

"ஏன்யா கை இப்பிடி நடுங்குது? கரண்டுன்னா பயமா?"

"ஆமா சார்."

"எத்தனை வருஷமா வேலை பாக்கீரு?"

"இருபத்தியொரு வருஷம் சார்."

"இருபத்தியொரு வருஷமாவா பயந்துக்கிட்டு இருக்கீரு?"

"இல்ல சார். கொஞ்ச நேரமாத்தான்."

அதிகாரி அவனை ஒரு பார்வை பார்த்தார். தாளில் எதையோ எழுதினார். "போம். பயத்த விட்டுராதேயும்" என்றார். "மூஞ்சியக் கழுவிட்டு பஸ் ஏறும்."

சான்றிதழ் வந்த மறுநாள் ஹபீபுல்லா பாய் அவனை மண்டபத்துக்கு அழைத்துப்போய்ப் பெரிய போர்டுக்கு முன்னால் நிறுத்தினார். "இனி இது உம்ம ராச்சியம். விறுவிறுன்னு வேலைய முடிச்சிரும், பாப்போம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

அவர் முதல் மடக்கு குடிப்பதற்குள் மண்டபம் முழுக்கச் சத்தம் அடங்கிவிட்டது. டைல்ஸ் அறுக்கிற மெஷின் நின்றது. தண்ணீர் மோட்டார் நின்றது. மாடியில் மரவேலைக்காரர்கள் கெட்ட வார்த்தையில் ஆரம்பித்தார்கள். பாய் கிளாஸோடு ஓடி வந்து பார்த்தால், முத்துக்குமாரசாமி கையுறை போட்டு, மெயினை அணைத்து, அதற்குப் பூட்டும் போட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டிருந்தான். பக்கத்தில் புவனேஷ், அவசரத்துக்கு ஒரு வயரைப் பல்லில் வைத்திருந்தான்.

"வாய்!" என்று கத்தினான் முத்துக்குமாரசாமி. புவனேஷ் வயரை நழுவவிட்டான்.

"எதுக்குவே மெயின அணைச்சீரு?" என்றார் பாய்.

"ஒரு சுவிட்சு மாத்தணும் பாய். அரை மணி நேரம்."

பாய் கையிலிருந்த டீயைப் பார்த்தார், இருட்டிக் கிடந்த மண்டபத்தைப் பார்த்தார்.

"பாஸாகுத வரைக்கும் நல்லா வேலை பாத்த மனுசன்லாவே நீரு!" என்றார்.