பப்பாளியின் ஞானஸ்நானப் பெயர்

தோமாவுக்குக் கோவிலில் வைத்த பெயர் ஜெரினோ ஒசோரியோ. அது அவனைப் பெற்றவளுக்கும் பாங்கு மேனேஜருக்கும் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவன் தோமா. உயிர்த்தெழுந்த ஆண்டவரையே காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றாரே, அந்தச் சந்தேகத் தோமாதான். மீன் வாங்கப் போனால் செவுளைத் திறந்து பார்ப்பான், பிறகு கடைக்காரன் முகத்தையும் ஒரு முறை பார்ப்பான். ஹாங்காங்கில் குடியேறிய எங்கள் மக்காவ் போர்த்துக்கீசச் சனத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆண்பிள்ளை கிடையாது. ஞானஸ்நானப் பெயரைச் சாமியார் தலையில் தண்ணீர் ஊற்றும்போது ஒரு தடவை சொல்வார், குழிக்குள் இறக்கும்போது ஒரு தடவை சொல்வார். நடுவில் வாழ்கிற காலமெல்லாம் ஒருவன் கருவாடு, ஒருவன் பூனைக்கண்ணன், ஒருவன் பப்பாளி.

நாற்பத்தொன்றாம் வருஷம் கிறிஸ்துமஸ் வருவதற்குள் கவுலூன் பறிபோய், ஜப்பான்காரன் கடலைத் தாண்டி ஹாங்காங் தீவுக்குள்ளேயே வந்துவிட்டான். வெள்ளைக்காரன் பக்கம் நின்ற எங்கள் தொண்டர்படையில் சிதறிப்போன ஆட்களை வாரிக் கூட்டி, மேற்குப் பக்கத்து மலையில் ஒரு காவல் மேட்டில் போட்டிருந்தார்கள். லெப்டினன்டுக்குக் குண்டுச்சில்லு வயிற்றில் பட்டு, அவரைக் கீழே தூக்கிக்கொண்டு போன பிறகு கார்ப்பரல் தோமாதான் அங்கே பொறுப்பு. அவனிடம் அதிகாரமும் வந்தால் கேட்க வேண்டுமா?

தேநீருக்குத் தண்ணீர் வைத்தால் போதும், ஷெல் வந்து விழும். நேற்று விழுந்த இடத்தை விட்டு நகர்ந்து அடுப்பு மூட்டினால் அங்கேயும் வந்து விழும்.

"நமக்குள்ளயே எவனோ இருந்துக்கிட்டு காட்டிக் குடுக்குறான்," என்றான் தோமா.

"அடுப்புப் புகைதான் காட்டிக் குடுக்குது, கார்ப்பரல். அதைப் புடிச்சு உள்ள தள்ளு," என்றான் கருவாடு. எல்லோரும் சிரித்தார்கள். யார் யார் சத்தமாகச் சிரித்தார்கள் என்று தோமா பார்த்து வைத்துக்கொண்டான்.

அவனுடைய சந்தேகம் வீடு வீடாகப் போய்விட்டுக் கடைசியில் வந்து உட்கார்ந்த இடம் பப்பாளி. பப்பாளி வேறு ட்ரூப்பைச் சேர்ந்தவன். கவுலூனிலிருந்து கடைசிப் படகில் அவன் ஒருவன் மட்டும் வந்து சேர்ந்தான், கூட இருந்தவர்கள் எவரும் வரவில்லை. கால்பந்து மைதானத்தில் வருஷக்கணக்காகப் பழக்கம்தான். பப்பாளி மரத்திலிருந்து விழுந்தவன் என்பதால் பப்பாளி, அவ்வளவுதான் தெரியும். அந்தப் பப்பாளி இப்போது வேலை இல்லாத நேரமெல்லாம் மதில் ஓரம் நின்றுகொண்டு மலையடிவாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க என்னடா பாக்குற?"

"கன்னியாஸ்திரி ஆஸ்பத்திரிக் கூரை தெரியுது பாரு மச்சான். என் பொஞ்சாதி மார்சலினா அங்கதான் இருக்கா. வலி எடுத்து ரெண்டு நாளாச்சுன்னு லாரிக்காரன் சொன்னான்." பப்பாளி கூரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "முதல் ரெண்டும் தங்கல. மூணாவது வந்தா அவளுக்கே ஆபத்துன்னு டாக்டர் அப்பவே சொன்னாரு. புள்ளைய விடு, அவ இருக்காளா இல்லையான்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு. பாதையில நீதான நிக்குற? கீழேர்ந்து யாரு வந்தாலும் ஒரு குரல் குடு மச்சான்."

"குடுக்கிறேன்," என்றான் தோமா. சொல்லிவிட்டு, பாதையில் யார் வருகிறார்கள் என்பதில் இவனுக்கு எதற்கு இத்தனை அக்கறை என்று யோசித்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். தோமாவுக்கோ நல்ல வெயிலிலேயே பேய் தெரிந்தது.

கிறிஸ்துமஸ் அன்று காலை, பண்டிகை அல்வாவும் இல்லை பூசையும் இல்லை, டப்பா மாட்டிறைச்சிதான். பப்பாளியை ஓடைக்குத் தண்ணீர் எடுக்க அனுப்பியிருந்தான் தோமா. அந்த நேரம் பாதையில் ஒரு சீனன் ஏறி வந்தான். நடுவயது, நல்ல ஆள் போலத்தான் இருந்தான். அதுவே தோமாவுக்குப் பிடிக்கவில்லை. துப்பாக்கியை நீட்டி நிறுத்தினான்.

"யாரைப் பாக்கணும்?"

"அடெலினோ லிண்டர்மன்," என்றான் வந்தவன், ஒவ்வொரு எழுத்தாக, மனப்பாடம் பண்ணியதை ஒப்பிக்கிற மாதிரி.

லிண்டர்மன்! ஜெர்மன்காரன் பெயர். ஜப்பான்காரனுக்குக் கூட்டாளி ஜெர்மன்காரன். சேவியர், ரெமேதியோஸ் என்று எங்கள் சனத்துப் பெயராகப் பார்த்துப் பொய் சொல்லியிருந்தாலாவது ஒரு நியாயம் உண்டு.

"அப்படி ஒருத்தன் இங்க கிடையாது."

"இருக்காருங்க. இந்த மேட்டுலதான்னு சொல்லி அனுப்பினாங்க."

"யாரு அனுப்பினாங்க? என்ன சேதி?"

"அவரு காதுல மட்டும்தான் சொல்லணும்னு உத்தரவுங்க. துப்பாக்கி வச்சிருக்கிறவன்கிட்ட எல்லாம் வாயத் தொறக்காதேன்னு சொல்லியிருக்காங்க."

கையில் ஒரு துணி மூட்டை. தோமா துப்பாக்கி முனையால் அதைப் பிரித்தான். உள்ளே ஒரு சட்டை, ஒரு கால்சட்டை, ஒரு பழைய தொப்பி. பட்டாளத்துக்காரன் உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நழுவிப் போவதற்கான துணி. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நம் ஆட்களில் ஒருவன் பொய்ப் பெயரில் இருக்கிறான், இவன் அவனைக் கூட்டிப்போக வந்த ஒற்றன்.

"ஓடுறா! திரும்பிப் பாத்தே, சுட்டுப்புடுவேன்!" என்று வானத்தைப் பார்த்து ஒன்று சுட்டான் தோமா.

அந்த மனிதன் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினான். வளைவில் நின்று, பயந்த பயத்திலும் கையை வாயருகே குவித்து ஏதோ கத்தினான். "ஸேய்..." என்பது மட்டும் கேட்டது. மிச்சத்தை ஒரு ஷெல் விழுங்கிவிட்டது. கான்டன் பேச்சில் குரலை மேலே தூக்கினால் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சாவு. சமமாக விட்டால் நாலு. அதனால்தான் சீனர்களுக்கு நாலு என்ற எண்ணைக் கண்டாலே ஆகாது. செத்துத் தொலை என்று தன்னைச் சபிக்கிறான் என்றே தோமா எடுத்துக்கொண்டான். சபிக்கட்டும்.

லிண்டர்மன் யார் என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் கள்ளன் உஷாராகிவிடுவானே! அவ்வளவு கெட்டிக்காரத்தனம். மூட்டையை மணல் மூட்டைகளுக்குப் பின்னால் திணித்தான்.

பப்பாளி தண்ணீர் டின்னோடு மூச்சிரைக்க வந்தான். "வெடிச் சத்தம் கேட்டுச்சே மச்சான். யாராச்சும் வந்தாங்களா?"

"எவனும் வரல," என்றான் தோமா. "நாய் ஒண்ணு வந்துச்சு."

சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வெள்ளைக்கொடி ஏற்றியாகிவிட்டது, ஆயுதங்களைக் கீழே போடுங்கள் என்று உத்தரவு வந்தது. கருவாடு வாய்விட்டு அழுதான். பூனைக்கண்ணன் தன் இயந்திரத் துப்பாக்கியைத் துண்டு துண்டாகக் கழற்றிப் பள்ளத்தில் எறிந்தான். போர்த்துக்கல் நடுநிலை நாடு, உடுப்பை மாற்றிக்கொண்டு ஊருக்குள் கரைந்துவிட்டால் நம்மைத் தேட மாட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். மாற்று உடுப்புக்கு எங்கே போவது? மணல் மூட்டைகளின் பின்னால் ஒரு முழு உடுப்பு இருந்தது. தோமா வாயைத் திறக்கவில்லை. அந்த லிண்டர்மன் தானாக வந்து அதைத் தேடுவான், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று பார்த்துக்கொண்டே இருந்தான். ஒருவரும் வரவில்லை. பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள்.

சில நாள் கழித்து எல்லோரையும் கவுலூன் பக்கத்து முகாமுக்கு நடத்திப் போனார்கள். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளனைத் தோமாவுக்குத் தெரியும். ஊரில் அவனுக்கு வருஷக்கணக்காக முடி வெட்டியவன்! கண்டவனையெல்லாம் சந்தேகப்பட்டவன், கழுத்தில் கத்தி வைத்தவனை மட்டும் நம்பியிருக்கிறான்.

"முழுப் பேரு. சத்தமா," என்றான் நாவிதன்.

"எர்மெனெஜில்தோ தா சில்வா," என்றான் கருவாடு.

வரிசை குலுங்கியது. "அடப்பாவி, உனக்கா இந்தப் பேரு? ராசாவுக்கு வைக்க வேண்டியத கருவாட்டுக்கு வச்சிருக்காங்களே!" தோற்றுப்போய்ச் சிறைக்குள் நுழைகிற நேரத்திலும் எங்கள் சனத்துக்குச் சிரிக்க முடிந்தது. பூனைக்கண்ணன் பெயரில் தெரேசா இருந்தது என்று இன்னும் கொஞ்சம் சிரிப்பு. காவலாளி துப்பாக்கிக் கட்டையால் ஒருவனை இடித்த பிறகுதான் அடங்கியது.

அடுத்து பப்பாளி. குரல் எழும்பாமல் சொன்னான்.

"அடெலினோ மரியா லிண்டர்மன்."

வரிசையில் பின்னால் நின்ற தோமா எட்டி அவன் முகத்தைப் பார்த்தான்.

"ஜெர்மனியா?" என்றான் நாவிதன்.

"கொள்ளுத்தாத்தா கப்பல்காரரு. மக்காவ்ல பொண்ணு கட்டினவரு. நான் போர்த்துக்கீசன்தான்."

தன் முறை முடிந்ததும் தோமா உள்ளே ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தான். மறைக்க நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். ஆனால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். சீனன் வந்ததை, பெயர் கேட்டதை, உடுப்பை, விரட்டியதை. பப்பாளி அடிப்பான் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால் தேவலை.

"ஆஸ்பத்திரி மதர்தான் அனுப்பியிருப்பாங்க," என்றான் பப்பாளி மெதுவாக. "அவங்களுக்கு அந்தப் பேருதான் தெரியும். என்ன சொன்னான்?"

"நான் சொல்ல விடல. போறப்ப 'ஸேய்'னு கத்தினான். அதுக்கு மேல கேக்கல."

பப்பாளி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "குரல் மேல போச்சா, சமமா இருந்துச்சா? நல்லா நெனச்சுப் பாரு. பெத்துப் பொழைச்சவளுங்களத்தான் நாலாம் வார்டுக்கு மாத்துவாங்க. நாலா? சாவா? சொல்லுடா!"

தோமா நினைத்துப் பார்த்தான். வளைவு தெரிந்தது, குவித்த கை தெரிந்தது. அந்தக் குரல் மட்டும் வரவில்லை. எதையும் உரசிப் பார்க்காமல் ஒரு வார்த்தை சொல்லியறியாதவன் அன்றைக்குச் சொன்னான்.

"சமமாத்தான் இருந்துச்சு. நாலுன்னுதான் சொன்னான்."

"மாதா மேல சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

பப்பாளி சட்டையை விட்டான். தோமாவின் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் நிதானமாகப் பார்த்தான்.

"எவனும் வரலன்னு சொன்னப்பவும் இதே மூஞ்சியத்தான் வச்சிருந்த," என்றான்.