ஓட்டுபவர் பெயர் ரய்யா

இன்சூரன்ஸ் ஃபாரத்தில் 'வண்டி ஓட்டுபவர்' என்ற கட்டத்தில் ஸஹ்ரான் யாரையும் கேட்காமலேயே கல்ஃபான் என்று எழுதிவிட்டான். ரய்யா பார்த்துக்கொண்டே இருந்தாள். கையிலிருந்த கஹ்வா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அதை அடிச்சிட்டு என் பேரை எழுதுப்பா."

"மாமி, அது சும்மா எழுதுறதுதான். இப்ரியில எல்லாரும் வீட்டு ஆம்பளை பேரைத்தான் போடுறாங்க. யாரு ஓட்டுறான்னு எவன் வந்து பாக்கப் போறான்?"

"எங்கயாவது மோதினா வந்து பாப்பான்ல?"

ஸஹ்ரான் அவள் நாத்தனாரின் மகன். ஓமானில், இப்ரி கடைத்தெருவில் இன்சூரன்ஸ் ஆபீஸ் வைத்திருக்கிறான். பக்கத்து நாற்காலியில் கறுப்புக் கண்ணாடியோடு இருந்தார் அவள் கணவர் கல்ஃபான். கண் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். இரண்டு மாதத்துக்கு ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆனால் வியாழக்கிழமை சவுதியில், ஹுஃபூஃபில், ரய்யாவின் தங்கை ஷம்ஸாவின் மகளுக்குக் கல்யாணம். தங்கை முகத்தைப் பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. பாலைவனத்தைக் குறுக்கே வெட்டி ரோடு போட்டாயிற்று. மகன் ஹமத் கப்பல் வேலையில் இருக்கிறான். ஓட்ட ரய்யாவை விட்டால் ஆள் இல்லை. ஐம்பத்து மூன்று வயதில், மூன்று தடவை தோற்று, நாலாவது தடவை வாங்கிய லைசென்ஸ். எட்டு மாதம்தான் ஆகிறது.

"அதான் மாமி சிக்கலே" என்றான் ஸஹ்ரான். "லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகாதவங்களுக்கு வெளிநாட்டுல நம்ம பாலிசி செல்லாது. கம்பெனி மேனேஜர் தனியா ஒத்துக்கணும். உங்களைப் பாத்து ஒத்துக்குவாரா?"

"ஏன், என்கிட்ட என்ன குறை?"

"ரய்யா, விடேன்" என்றார் கல்ஃபான். "என் பேரே இருக்கட்டும். ஊர்ல நாலு பேர் கேட்டா எனக்கும் மரியாதையா இருக்கும்."

"மரியாதையா? வழியில ஒண்ணு ஆச்சுன்னா, இவரு ஓட்டலையே, அப்போ ஒரு பைசா கிடையாதுன்னு கம்பெனிக்காரன் சொல்லிடுவான். உங்க மரியாதை வந்து வண்டியை இழுக்குமா?"

ஸஹ்ரான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பேனாவைத் தேடினான். பேனா அவன் கையிலேயே இருந்தது.

"அந்தப் புத்தகத்தைக் குடு" என்றாள் ரய்யா.

"எது?"

"நீ யாருக்கும் காட்டாம அடியில வச்சிருக்கியே, அது."

இருபத்தெட்டு வருஷம் அரசு மருத்துவமனையில் மருந்து கொடுத்தவள். மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளைக் கடைசி வரி வரை படிக்காமல் யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாலிசி விதிகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஒரு மணி நேரம் ஆனது. ஸஹ்ரான் இரண்டு தடவை கஹ்வா ஊற்றினான்.

"வண்டி நின்னா அம்பது கிலோமீட்டர்தான் இழுப்பாங்களாம். அந்த ரோட்டுல அம்பதுல என்னப்பா இருக்கு, மணலா?"

"அது... பெரிய பாலிசி எடுத்தா முழுசா இழுப்பாங்க மாமி."

"அதையே போடு. ஒட்டகம் குறுக்க வந்தா?"

"சின்ன பாலிசியில கிடையாது. பெரியதுலதான்."

"இதை ஏன் நீ முதல்லயே சொல்லலை?"

"யாரும் கேட்டதில்லையே மாமி!"

"நான் கேக்குறேன். அப்புறம் பயண இன்சூரன்ஸ்ல மாமாவுக்கு சக்கரை இருக்கு, கண் ஆபரேஷன் ஆச்சு, ரெண்டையும் எழுது."

"எழுதினா தொகை கூடும்."

"எழுதாம விட்டா ஆஸ்பத்திரியில கையை விரிப்பாங்க. எழுது. இப்ப மேனேஜருக்கு போன் போடு. முடியாதுன்னு சொன்னார்னா, முடியாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லு. அதுவரைக்கும் இங்கயேதான் இருப்பேன்."

நண்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும்வரை இருந்தாள். முடியாது என்று எழுதித் தர மேனேஜர் விரும்பவில்லை. வண்டிக்குச் சேதம் வந்தால் கணிசமான பங்கை அவளே ஏற்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டு ஒத்துக்கொண்டார். சவுதிப் பக்கம் அடிபடுகிறவர்களுக்கான இன்சூரன்ஸை எல்லையில் தனியாக வாங்க வேண்டும். அதற்கும் ஃபாரத்தை ஸஹ்ரானிடமே வாங்கி, தன் கையாலேயே பெயரை எழுதிக்கொண்டாள்.

புதன்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். பின்னால் மூன்று டப்பா ஹல்வா. எல்லைச் சாவடி தூரத்தில் தெரிந்தபோது கல்ஃபான் தொண்டையைச் செருமினார்.

"ஓரமா நிறுத்து. இடம் மாறிக்கலாம்."

அந்தப் பக்கத்து வழக்கம் அது. எத்தனை மைல் மனைவி ஓட்டினாலும் சாவடிக்கு முன்னால் ஆண் ஸ்டியரிங்கில் வந்து உட்கார்ந்துகொள்வான்.

"மாற மாட்டேன்."

"வரிசையில நம்ம ஊர் முஸல்லமோட வண்டி நிக்குது. நாளைக்கு மஜ்லிஸ்ல எல்லார் முன்னாடியும் என்னைக் கிழிச்சுத் தொங்க விடுவான்."

"நீங்க பத்தடி நகத்தி முன்னாடி இருக்கிறவனை இடிச்சாலும் பாலிசி செல்லாது. முஸல்லம் கட்டுவானா?"

"உன் பிடிவாதம் இருக்கே!"

"அது இல்லாட்டி எனக்கு லைசென்ஸே கிடைச்சிருக்காது."

அவள் உள்ளிருந்தே எல்லாக் கதவையும் பூட்டிவிட்டு வண்டியை வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினாள். முன்னால் நின்ற வண்டியிலிருந்து முஸல்லம் பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தான். திரும்பிப் பார்த்தான். அப்புறம் இறங்கியே வந்து ஜன்னலைத் தட்டினான்.

"என்ன அபூ ஹமத், டிரைவர் வச்சுட்டியா?" என்று ஹமதின் அப்பாவைக் கேட்டான்.

கல்ஃபான் முகத்தை நேரே திருப்பிக்கொண்டார். காது சிவந்திருந்தது.

அவர்கள் முறை வந்தது. ரய்யா காகிதங்களை நீட்டினாள். அதிகாரி வாங்கிக்கொண்டார். அவளைத் தாண்டிக் குனிந்து கல்ஃபானைப் பார்த்துத்தான் கேட்டார்.

"வண்டி ஓட்டுறது நீங்கதானே ஹாஜி?"

ரய்யா வாயைத் திறந்தாள். அதற்குள் கல்ஃபான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். வீங்கிய கண்ணோடு அதிகாரியைப் பார்த்தார்.

"பேப்பரைப் படிங்க தம்பி. அதுல எங்கயாவது என் பேர் இருக்கா?"

அதிகாரி படித்தார். முத்திரை குத்தி, இந்தத் தடவை அவளிடமே கொடுத்தார்.

சாவடியைத் தாண்டியதும் முஸல்லமின் வண்டி முன்னால் போவது தெரிந்தது.

"மெதுவாத்தான் போறான்" என்றார் கல்ஃபான். "தாண்டிப் போ."