துணி கட்டிய கேன்

படகுத்துறையில் அவளுக்கு அளவுக்காரம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டுவிட்டு அப்புறம் யாரிடம் போய்ப் பெட்ரோல் வாங்குவது? துறையின் முனையில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. உள்ளே ஒரு மேசை, எண்ணெய் பாட்டில்கள் அடுக்கிய ஒரு அலமாரி, ஒரு புனல், கோடு போட்ட ஒரு கண்ணாடி ஜாடி, சுவரோரம் வரிசையாகக் கேன்கள். படகு மோட்டாருக்குப் பெட்ரோலில் எண்ணெய் கலந்து கொடுப்பது அவள் தொழில். ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய், அதற்கு மேலே ஒரு சொட்டு கிடையாது, கீழேயும் கிடையாது. "ஏதோ ஒரு ஆயில் ஊத்துங்கம்மா" என்று எவனாவது வாயைத் திறந்தால் தொலைந்தான். ஸ்கூட்டர் எண்ணெய் சூட்டிலேயே கிடக்கிற எஞ்சினுக்கு. படகு மோட்டார் குளிர்ந்த தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு ஓடுவது, அதற்கென்று தனி எண்ணெய் இருக்கிறது, நீல நிறம், அதைத்தான் ஊற்றுவேன், பிடிக்காவிட்டால் துடுப்புப் போட்டுக்கொண்டு போ என்று ஆரம்பித்தால், வந்தவன் கும்பிடு போடுகிற வரைக்கும் விடமாட்டாள்.

இப்படிப்பட்டவள் கலந்து கொடுத்த பெட்ரோலில், அவளுடைய மாப்பிள்ளையின் படகு மட்டும் புகை கக்கியது. ஊரார் படகெல்லாம் ஒழுங்காக ஓட, சொந்த மகளைக் கட்டியவன் ஓட்டுகிற படகு பின்னால் புகையை இழுத்துக்கொண்டு போனால் எப்படி இருக்கும்? ஸ்பார்க் பிளக் வேறு அடிக்கடி கரி பிடித்து அடைத்துக்கொண்டது. துறையில் மோட்டார் பழுது பார்க்கிற மெக்கானிக், எதற்கெடுத்தாலும் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதால் அவன் பெயரே பிளக் என்று ஆகிவிட்டது, அந்தக் கரியை நாலு பேர் நடுவில் தூக்கிக் காட்டி, எண்ணெய் கூடுகிறது, அளவைக் கொஞ்சம் பாருங்க அக்கா என்றான். அளவைப் பார்ப்பதாம். யாரிடம் யார் சொல்வது? முதலில் உன் கண்ணைப் போய்ப் பாரு என்று கத்திவிட்டு வந்தவள், அதிலிருந்து அவனோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

வெளியே வீராப்பு. உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளைக்கு ஊற்றும்போது மட்டும் கை தாராளமாகிவிடுகிறதோ? ஜாடியைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்ப்பாள். எண்ணெய் கோட்டில்தான் நின்றது. அலமாரியில் வேறு அடிக்கடி ஒரு பாட்டில் குறைகிற மாதிரி இருந்தது. மாப்பிள்ளையோ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. தங்கமான பையன், மாமியார் எதிரில் நாற்காலியில் உட்காரவே யோசிப்பான். தானே பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு போய்விடுவான். அந்த மரியாதைதான் அவளை இன்னும் சங்கடப்படுத்தியது.

அவளிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. கேன் எல்லாம் தடித்த பிளாஸ்டிக், உள்ளே இருப்பது வெறும் பெட்ரோலா, கலந்ததா என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் கலந்த கேனின் பிடியில் ஒரு துண்டுத் துணியைக் கட்டிவிடுவாள். துணி இருந்தால் எடுத்துப் போகலாம், இல்லாவிட்டால் தொடக்கூடாது. துறையில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் இது. ஆனால் எண்ணெய் ஊற்றிய கையில் முடிச்சு நிற்காது, வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே அவள் முதலில் துணியைக் கட்டிவிட்டு அப்புறம்தான் எண்ணெயை ஊற்றுவாள். நடுவில் ஒரு நிமிஷம்கூட இருக்காது. அதற்குள் என்ன குடிமுழுகிவிடப் போகிறது?

அன்றைக்குக் குடிமுழுகத்தான் பார்த்தது.

காலையில் மாப்பிள்ளையின் கேனுக்குத் துணியைக் கட்டினாள். ஜாடியில் எண்ணெயைக் கோடு வரைக்கும் ஊற்றினாள். புனலை எடுக்கப் போனபோது வாசலில் ஒருவன் வந்து நின்றான். புதிதாகப் படகு வாங்கியவன், கையில் ஸ்கூட்டர் எண்ணெய் பாட்டில். இதையே கலந்து கொடுங்கள், விலை மலிவாகக் கிடைத்தது என்றான். அவ்வளவுதான், அளவுக்காரம்மாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறிவிட்டது. ஜாடியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து, அவனைத் துறை பூராவும் கேட்கிற மாதிரி வாங்கு வாங்கென்று வாங்கினாள். அந்த நேரத்தில்தான் மாப்பிள்ளை வந்து, அத்தை கோபமாக இருக்கிறாரே, எதற்கு வம்பு என்று, துணி கட்டிய கேனை ஓசைப்படாமல் எடுத்துக்கொண்டு போனான். கூடவே மகளும் போனாள். எதிரே இருக்கிற தீவில் அவள் சிநேகிதிக்குக் குழந்தை பிறந்திருந்தது. மளிகைச் சாமான் ஏற்றிப் போகிற படகுதானே, போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கையை ஆட்டினாள். இவளும் திட்டிக்கொண்டே கையை ஆட்டினாள்.

மதியச் சாப்பாடு முடித்து மேசையைத் துடைக்க வந்தபோதுதான் புனலுக்குப் பின்னால் இருந்த ஜாடியைப் பார்த்தாள். அதில் எண்ணெய் கோடு வரைக்கும் நீலமாக நின்றது.

அவளுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. வேறு யாருக்கோ அளந்து வைத்ததோ? இல்லை, ஒன்றை ஊற்றி முடிக்காமல் அடுத்ததை அவள் அளந்ததே கிடையாது. அப்புறம் வந்தவர்களெல்லாம் காலையிலேயே கலந்து வைத்திருந்த கேன்களைத்தான் எடுத்துப் போனார்கள். வாசலில் போட்ட சண்டை நினைவுக்கு வந்தது. துணி கட்டியது வந்தது. ஊற்றியது மட்டும் எவ்வளவு தேடியும் வரவில்லை. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

போகும்போது பயமில்லை. டாங்கில் நேற்றுக் கலந்தது மிச்சமிருக்கும், அது தீவு வரைக்கும் போதும். திரும்பி வரும்போதுதான் இந்தக் கேனை டாங்கில் ஊற்றுவார்கள், எண்ணெயில்லாமல் மோட்டார் நடுவழியில் நின்றுவிடும். பிற்பகலில் வழியில் இருக்கிற முகத்துவாரத்தில் தண்ணீர் கடலைப் பார்த்து இழுக்கும். அங்கே மோட்டார் நின்றால் படகைப் பாறைமேல் கொண்டுபோய் மோதும், இல்லாவிட்டால் கடலுக்குள் தள்ளிவிடும். மகளுக்கு நீச்சல் தெரியாது. தண்ணீர் ஓரத்திலேயே வளர்ந்த பெண்ணுக்கு நீச்சல் சொல்லித் தராமல் விட்ட பாவமும் இந்த நேரம் பார்த்துத்தானா ஞாபகத்துக்கு வர வேண்டும்? போன் போட்டாள். மகள் எடுக்கவில்லை, மாப்பிள்ளை எடுக்கவில்லை. தண்ணீர்மேல் இருந்தால் போன் எடுக்காது என்று தெரியும், தெரிந்தும் போட்டுக்கொண்டே இருந்தாள்.

துறையில் அந்த நேரம் ஓட்டுவதற்கு ஆளோடு இருந்த படகு ஒன்றே ஒன்று. யாருடையது? பிளக்குடையது.

மானமா, மகளா? ஜாடியைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஏன் ஜாடியைத் தூக்கினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவன் எதையோ கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போனவன், ஜாடியையும் முகத்தையும் பார்த்துவிட்டு எழுந்துவிட்டான்.

"தம்பி, துணி கட்டிட்டேன். எண்ணெய் ஊத்தல. மாப்பிள்ளை எடுத்துட்டுப் போயிட்டார். அவளும் கூடப் போயிருக்கா."

அவன் குத்திக் காட்டவில்லை. அதற்காகவே அவள் ஆயுசுக்கும் அவனுக்கு நன்றி சொல்ல வேண்டும். வெறும் பெட்ரோலில் எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்டாள். உள்ளே ஒட்டியிருக்கிற பழைய எண்ணெய் கொஞ்ச தூரம் தாங்கும், அப்புறம் சூடேறி பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும், பிடித்தால் மோட்டார் நின்றுவிடும், அவ்வளவுதான் என்றான். சொல்லிக்கொண்டே மோட்டாரைப் படகில் மாட்டினான். பெட்ரோல் குழாய் சரியாக உட்கார மாட்டேன் என்றது. கயிற்றை இழுத்தான், சீறிவிட்டு நின்றது. மறுபடி இழுத்தான், மறுபடியும் நின்றது. மூன்றாவது இழுப்பில் மோட்டார் கிளம்பியது.

வழியெல்லாம் ஜாடியை மடியில் வைத்து, அலை தெறிக்காமல் உள்ளங்கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாருக்காக அதைக் காப்பாற்றிக்கொண்டு போகிறாள்? ஊற்ற வேண்டிய நேரத்தில் ஊற்றவில்லை, இப்போது சொட்டுச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு என்ன புண்ணியம்? தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். ஊரில் இருக்கிறவனையெல்லாம் திட்டிய வாய்க்கு இதுவும் வேண்டும், இன்னமும் வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். முகத்துவாரம் நெருங்க நெருங்கத் தண்ணீர் படகைப் பக்கவாட்டில் இழுத்தது. பாறைமேல் நுரை வெள்ளையாக ஏறி இறங்கியது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"அக்கா, அதோ" என்றான் பிளக்.

தீவுப் பக்கமிருந்து படகு வந்துகொண்டிருந்தது. மோட்டார் ஓடுகிறது, மகளின் சேலை தெரிகிறது. போன உயிர் திரும்பி வந்தது என்று நினைத்தவள், அடுத்த கணமே ஜாடியை இறுக்கிப் பிடித்தாள். படகுக்குப் பின்னால் புகையே இல்லை. எந்நாளும் புகையை இழுத்துக்கொண்டு வருகிற படகு, இன்றைக்குத் துளிப் புகை இல்லாமல் சுத்தமாக வந்தது. புகை இல்லையென்றால் எண்ணெய் இல்லை. கேனை ஊற்றிவிட்டார்கள், வெறும் பெட்ரோலில்தான் வந்துகொண்டிருக்கிறார்கள். பிஸ்டன் இப்போது பிடிக்குமோ, அடுத்த மூச்சில் பிடிக்குமோ? எழுந்து நின்று, நிறுத்துங்க நிறுத்துங்க என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவள் சேலையை இழுத்து உட்கார வைப்பதற்குள் பிளக்குக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மாப்பிள்ளை பயந்துபோய் மோட்டாரை நிறுத்தினான். பிளக் கயிற்றை வீசி அந்தப் படகைப் பிடித்துக்கொண்டு, தன் மோட்டாரால் பாறைப் பக்கம் போகாமல் தாங்கினான். அளவுக்காரம்மா முதலில் மகளைத்தான் பார்த்தாள். அவள் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்த சந்தோஷத்தில், என்னம்மா இங்கே என்று சிரித்தாள்.

காலையில் எடுத்த கேனை ஊற்றியாகிவிட்டதா என்று மாப்பிள்ளையிடம் கேட்டாள். தீவிலேயே ஊற்றிவிட்டேன் அத்தை, அதில்தான் இவ்வளவு தூரம் வருகிறோம் என்றான். அவள் ஜாடியைத் தூக்கிக் காட்டினாள். எண்ணெய் கோட்டில் நின்றது.

பிளக் அந்தப் படகுக்குள் தாவி, டாங்கின் மூடியைத் திறந்து விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தான். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தான். பிளக்கைக் கழற்றாமல் இருப்பானா, அதையும் கழற்றிப் பார்த்தான். அது கரியே இல்லாமல் பளிச்சென்று இருந்தது.

"எண்ணெய் இருக்குக்கா. அளவாவும் இருக்கு. இந்த மோட்டார் இன்னைக்குத்தான் ஒழுங்கா ஓடியிருக்கு."

ஜாடி இங்கே நிறைந்திருக்கிறது. அப்படியானால் அங்கே இருக்கிற எண்ணெய் ஏது? மகள் புருஷனைப் பார்த்தாள், புருஷன் தண்ணீரைப் பார்த்தான். அப்புறம் மெதுவாகக் குனிந்து பலகைக்கு அடியிலிருந்து ஒரு சோடா பாட்டிலை எடுத்தான். அடியில் கொஞ்சம் நீல எண்ணெய் இருந்தது.

"கோவிச்சுக்காதீங்க அத்தை. கல்யாணமான புதுசுல பார்த்தேன், நீங்க துணியைக் கட்டிட்டு அப்புறமாத்தான் எண்ணெய் ஊத்துவீங்க. நடுவுல யாராவது கூப்பிட்டா என்ன ஆகும்னு பயம். உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அதான் ஒவ்வொரு கேனுக்கும் நானும் ஒரு அளவு ஊத்திடுவேன்."

அப்படியென்றால் இத்தனை நாளும் அவள் ஊற்றியது ஒரு அளவு, இவன் ஊற்றியது ஒரு அளவு. புகையாமல் என்ன செய்யும்? எண்ணெய் ஏது என்று கேட்டாள். மகள் சேலைத் தலைப்பைத் திருகினாள். அம்மாவின் அலமாரியிலிருந்துதான், வேறெங்கே? அடிக்கடி ஒரு பாட்டில் குறைகிறதே, எனக்குத்தான் மறதி வந்துவிட்டதோ என்று அளவுக்காரம்மா பயந்துகொண்டிருந்ததற்கும் காரணம் இதுதான்.

பிளக் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான், தோள் மட்டும் குலுங்கியது. வேறொரு நாளாக இருந்தால் அளவுக்காரம்மா மூன்று பேரையும் சேர்த்துத் தண்ணீரில் தள்ளியிருப்பாள். பெண்ணைக் கட்டிக் கொடுத்த நாளிலிருந்து தன்னை நம்பாமல், வாயையும் திறக்காமல், முதுகுக்குப் பின்னால் ஊற்றியிருக்கிறான். நாலு பேர் நடுவில் தலைகுனிய வைத்திருக்கிறான். அவமானமாக இருந்தது, அழுகையாக வந்தது. ஆனால் இவன் தன்னை நம்பியிருந்தால் மகள் இந்நேரம் எங்கே இருப்பாள்? பாறைப் பக்கம் நுரை ஏறுகிற சத்தம் கேட்டது. வந்த வார்த்தையையெல்லாம் மென்று முழுங்கிக்கொண்டாள்.

"கெட்டிக்காரர் மாப்பிள்ளை நீங்க" என்று மட்டும் சொன்னாள். அதைத் திட்டாக எடுத்துக்கொள்வதா, பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் அவன் நின்றான்.

மறுநாள் காலை அளவுக்காரம்மா எண்ணெயை முதலில் ஊற்றினாள், அப்புறம் துணியை எடுத்தாள். வழுக்கியது. துடைத்துவிட்டுக் கட்டினாள், அப்படியும் வழுக்கியது. கடைசியில் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். எண்ணெய்க் கசப்பு நாக்கில் ஏறியது. மாப்பிள்ளை வந்து அவள் கண்ணெதிரிலேயே கேனைப் படகின் டாங்கில் கவிழ்த்தான்.

"அந்த பாட்டில் எங்க மாப்பிள்ளை?"

"தூக்கிப் போட்டுட்டேன் அத்தை. இனிமே அது எதுக்கு? நீங்க ஊத்தினா சரியாத்தான் இருக்கும்."

மனசாரத்தான் சொன்னான். கேட்டு அவளுக்குக் குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை, நேற்றைய பயமே திரும்பி வந்தது. இனி இவள் கை தவறினால் அந்த முகத்துவாரத்தில் காப்பாற்ற வேறு யாரும் கிடையாது. ஊற்றினோமா? ஊற்றினோம், ஜாடி காலிதான். இந்தக் கேனில்தான் ஊற்றினோமா, பக்கத்துக் கேனிலா? நில்லுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடி, அலமாரியிலிருந்து ஒரு புது பாட்டிலை எடுத்து வந்து அவன் பையில் தானே வைத்தாள்.

"ஊத்தாதீங்க, ஊத்தினா புகையும். சும்மா வெச்சுக்கங்க."

அவன் சரி என்று தலையாட்டிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தான். சொன்ன சொல்லை மீறுகிற பையனா அவன்? அளவுக்காரம்மா துறை முனையில் நின்று படகின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துளிப் புகை இல்லாமல் சுத்தமாகப் போனது. கொஞ்சம் புகைந்தால் தேவலையே என்றிருந்தது அவளுக்கு.