ரோஷக்காரப் படம்

வெள்ளிக்கிழமை வெளியான படத்தில் ஒரு பறக்கும் தட்டு இருந்தது. சனிக்கிழமை காலைக் காட்சியில் அது இல்லை. யாரும் வெட்டவில்லை. அன்று காலை நாளிதழில் ஒரு விமர்சகர், அந்தப் பறக்கும் தட்டு குக்கர் மூடி மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தார், அவ்வளவுதான். வேற்றுக்கிரகவாசி எதிலிருந்தும் இறங்காமல் வெட்டவெளியில் சும்மா வந்து நின்றான். கடைசி பஸ்ஸை விட்டவன் போல நிற்கிறான் என்றார்கள் பார்த்தவர்கள். போஸ்டரில் பறக்கும் தட்டைப் பெரிதாகப் போட்டிருந்ததால் கவுண்டரில் சண்டை வந்தது. விளம்பரத்தைக் கவனித்துக்கொண்டிருந்த அக்கா, பசை வாளியைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போய், ஒவ்வொரு போஸ்டரிலும் பறக்கும் தட்டின் மேல் 'குடும்பத்தோடு பார்க்கலாம்' என்று அச்சடித்த காகிதத்தை ஒட்டிவிட்டு வந்தாள்.

அவள் இயக்குநருக்கு அக்கா. அதனால் படக்குழு முழுவதற்கும் அக்கா. தம்பி, பூட்டிக் கிடந்த பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றை விண்கலமாக்கிப் படம் எடுத்தவன். பழைய ஃபோம் மெத்தைகளை வெட்டி, பச்சை பெயிண்ட் அடித்து, வேற்றுக்கிரகவாசியின் உடம்பைச் செய்தான். அந்தப் புழுக்கத்துக்குள் சம்பளமில்லாமல் நுழைய ஒரே ஒருவர்தான் சம்மதித்தார். அக்காவின் கணவர். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். தம்பி 'மாமா' என்று கூப்பிட்டதால் எல்லோருக்கும் மாமா. முகமூடியில் கண்ணுக்காக விட்ட ஓட்டைகள் அவருடைய புருவத்துக்கு நேராக அமைந்துவிட்டன. திருத்த நேரமில்லை. ஆகவே படப்பிடிப்பு முழுக்க அக்கா கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வழி சொன்னாள்: "முன்னாடி வாங்க. போதும், நில்லுங்க. கை இன்னும் கொஞ்சம் இடது பக்கம்." டப்பிங்கில் அவள் குரலை அழித்துவிட்டார்கள். பிறகு, தியேட்டர் கிடைக்காமல் தம்பி அலைந்துகொண்டிருந்த மாதங்களில், யார் வீட்டிலோ ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குனிந்த மாமா நிமிரவில்லை. அவருடைய போட்டோக்கள் வீட்டில் நிறைய உண்டு. எல்லாவற்றிலும் தண்டனை வாங்கிய மாணவன் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்பார். அவர் அசைகிற படம் உலகத்தில் இது ஒன்றுதான். மெத்தைக்குள் இருந்தால் என்ன, ஒரு தோள் தாழ்ந்த அந்த நடை வேறு யாருக்கும் வராது. படம் ஓடுவதும் ஓடாததும் தம்பியின் கவலை. அவர் அதில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அக்காவின் கவலை.

இரண்டாம் வாரத்துக்குள் நிலைமை எல்லோருக்கும் புரிந்துவிட்டது. படத்துக்கு ரோஷம் அதிகம். விஞ்ஞானியாக வருபவர் மூச்சு விடாமல் பேசுகிறார் என்று எழுதினார்கள், மறுநாள் அவர் எல்லாக் காட்சிகளிலும் வாயை மூடிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். காதல் பாட்டு கதையோடு ஒட்டவில்லை என்றார்கள், காதலர்களே காணாமல் போனார்கள். தம்பி, தியேட்டர் ஆபரேட்டரின் சட்டையைப் பிடித்தான். ஆபரேட்டர் படம் பதிந்திருக்கும், சீல் உடையாத பெட்டியைக் காட்டி, "நான் ஓட்டத்தான் சார் செய்யறேன், கழுத்தை நெரிக்காதீங்க" என்றார். எல்லாத் தியேட்டரிலும் இதே கதைதான். மற்ற விமர்சகர்கள் சலித்துப்போய்ப் புதுப் படங்களுக்குப் போய்விட்டார்கள். அந்த நாளிதழ்க்காரர் மட்டும் விடவில்லை. எந்தப் படத்தைப் பார்த்தாலும் 'கத்தரி போட்டிருக்கலாம்' என்று முடிப்பவர் என்பதால் அவருக்குக் கத்தரி என்றே பெயர். ஆயுசு முழுக்க எழுதியும் அவர் சொல்லி யாரும் எதையும் மாற்றிக்கொண்டதில்லை. வீட்டில் காபிக்குச் சர்க்கரை போதவில்லை என்று அவர் சொல்லாத நாளில்லை, ஒரு கரண்டி கூடியதில்லை. இப்போது ஒரு படமே அவர் பேச்சைக் கேட்கிறது. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. வாரா வாரம் அதே படத்தைப் பார்த்து வாரா வாரம் எழுதினார்.

அக்காவால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒவ்வொரு காட்சிக்கும் போய்க் கதவருகில் நின்றபடி, இன்று என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்தாள். 'பத்திரிகைகள் கொண்டாடும் படம்' என்று தானே எழுதி ஊரெல்லாம் ஒட்டினாள். படம் அதை நம்பவில்லை. வீட்டு ஆட்கள் மெச்சினால் யார்தான் நம்புவார்கள்? அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தரி எழுதினார்: வேற்றுக்கிரகவாசி தான் தங்கியிருக்கும் வீட்டில் பாத்திரம் கழுவுகிறானே, அது எதற்கு? அன்று மாலைக் காட்சியில் அந்த இடம் பாதியாகச் சுருங்கியிருந்தது. ஒரு தட்டைக் கையில் எடுத்தான், படம் வேறு எங்கோ தாவிவிட்டது. அந்தக் காட்சியில்தான் மாமா அதிக நேரம் வருவார். அக்கா தியேட்டரிலிருந்து அப்படியே கத்தரியின் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தவர், சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அவள் சண்டை போடவில்லை. மெத்தைக்குள் இருப்பது யார் என்று சொன்னாள். அவர் மெதுவாக முன்னால் வந்து உட்கார்ந்தார். அவரால் வெகுநேரம் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா அந்த வரியை எழுதியிருக்கவே மாட்டேன். இந்த வாரம் நல்லா இருக்குன்னு எழுதிடறேன்."

எழுதினார். வரவில்லை. ஒருநாளும் பாராட்டிப் பழகாத கை அது. அந்தப் பத்தியைப் படித்தவர்கள், யாரோ இறந்ததற்கு இரங்கல் என்று நினைத்துக்கொண்டார்கள். படமும் நம்பவில்லை. காட்சி இன்னும் கொஞ்சம் சுருங்கியது. மறுபடி வந்து நின்ற அக்காவைப் பார்த்து அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவருடைய மனைவி கொண்டுவந்து வைத்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, அக்காவே வழி சொன்னாள்.

"சார், உங்களுக்குத் திட்டத்தான் வரும். திட்டியே எழுதுங்க. பாத்திரம் கழுவற இடம் போதவே போதலைன்னு திட்டுங்க."

அவர் முகம் பளிச்சென்று ஆனது. அந்த வாரம் அவர் எழுதியது போல அதற்கு முன்னும் எழுதியதில்லை, பின்னும் எழுதியதில்லை. விண்வெளியிலிருந்து ஒருவன் வந்து மனிதர்களின் எச்சில் தட்டைக் கழுவுகிறான், அதை இவ்வளவு அவசரமாகவா காட்டுவது, கஞ்சத்தனத்துக்கும் ஓர் அளவில்லையா என்று கிழி கிழியென்று கிழித்துவிட்டார். அடுத்த காட்சியில் தட்டுகள் வந்தன. தம்ளர்கள் வந்தன. அதற்கடுத்த வாரம், அடி பிடித்த பாத்திரம் ஒன்றைக்கூடக் கழுவவில்லையே என்று திட்டினார். பெரிய பாத்திரமே வந்தது, மாமா அதைச் சுரண்டு சுரண்டென்று சுரண்டினார். அந்த இடம் வளர வளர மற்றவை ஒதுங்கி வழிவிட்டன. ராணுவம் போனது, வாய் மூடிய விஞ்ஞானி போனார், கடைசியில் பிஸ்கட் தொழிற்சாலையும் போனது. தம்பி முதலில் கோபத்தில் குதித்தான். மாமா சாப்பிட்டு முடித்ததும் தன் தட்டைத் தானே கழுவி வைக்கிற ஆள் என்பது ஒருநாள் அவனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தியேட்டர் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டு வீட்டுக்குப் போனான். அதற்கப்புறம் குதிக்கவில்லை.

வருஷங்கள் போயின. படம் ஒரே ஒரு தியேட்டரில், ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் ஓடியது. போஸ்டரை அக்கா புதிதாக வரைந்தாள்: ஒரு குழாய், ஒரு பச்சைக் கை. வெளியூர்களிலிருந்து படித்தவர்கள் வந்து பார்த்துவிட்டு நீள நீளமாகக் கட்டுரை எழுதினார்கள். அவை எதுவும் படத்துக்குப் புரியவில்லை போலும், ஒரு கரண்டிகூட இடம் மாறவில்லை. கத்தரிக்கு இதற்குள் வேலை ஓய்ந்து, இந்தப் படத்துக்கு மட்டும் நாளிதழில் ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"முகமூடியைக் கழட்டவே இல்லைன்னு எழுதட்டுமாம்மா?"

அந்த வாரம் முழுக்க அக்கா வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். அடுப்பில் வைத்த பாலை மறந்தாள், பூட்டிய கதவை மறுபடி பூட்டினாள். முகத்தைப் பார்க்க வேண்டும் என்று உடம்பெல்லாம் ஆசை. சனிக்கிழமை போய்ச் சொன்னாள்: "வேண்டாம் சார். படத்துக்கு அவர் முகம் தெரியாது. கேமரா அதைப் பார்த்ததே இல்லை. நீங்க கேட்டா ரோஷத்துல யார் முகத்தையாவது ஒட்டி வச்சிடும்."

"அப்ப என்ன எழுதட்டும்?"

அவள் தன் புருவத்தைத் தொட்டுக் காட்டினாள். "அவருக்குக் கண்ணு தெரியலை. பக்கத்துல ஒருத்தி நின்னு சொல்லிக்கிட்டே இருந்தா. அந்தக் குரலைக் காணோம்னு எழுதுங்க."

எழுதினார். ஞாயிற்றுக்கிழமை விளக்கு அணைந்தது. குரல் எதுவும் வரவில்லை. வேற்றுக்கிரகவாசி தொட்டியின் முன் வந்து நின்று, குழாய்க்காகக் கையை நீட்டி, அப்படியே நிறுத்தினான். தண்ணீர் இல்லை, சத்தம் இல்லை. கை அந்தரத்தில் நின்றது. ஆபரேட்டர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார். தியேட்டரில் செருமல்கள் கேட்டன. கதவருகில் நின்றிருந்த அக்காவுக்கு வெகுநேரம் கழித்துத்தான் விளங்கியது. படம் அந்த இடத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்," என்றாள்.

கை இடது பக்கம் நகர்ந்தது. குழாய் திறந்தது.

அதிலிருந்து அப்படித்தான். அக்கா வந்த பிறகுதான் காட்சி என்று கவுண்டரில் எழுதிப் போட்டுவிட்டார்கள். அவளுக்குக் காய்ச்சல் கண்ட ஒரு வாரம் தம்பி வந்து சொல்லிப் பார்த்தான், கை அசையவில்லை, ஜனங்கள் பேசாமல் எழுந்து போய் அடுத்த வாரம் வந்தார்கள். இப்போது அவள் கதவருகில் நிற்பதில்லை, முன்வரிசையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி இருக்கிறது. குழாய் எங்கே, சோப்பு எங்கே, வழுக்குகிற தம்ளர் எது என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். எல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, ஈரக் கையோடு அவர் துணியைத் தேடுவார். அது அவருக்கு வலது பக்கம், ஆணியில் தொங்குகிறது. அவர் கையைத் துடைத்துக்கொண்டால் படம் முடிந்துவிடும். அந்த ஓரிடத்தில் மட்டும் அக்கா உடனே சொல்வதில்லை. கத்தரிகூட அதைக் குறையாக எழுதியதில்லை. ஆபரேட்டர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், டிக்கெட் கிழிப்பவர் வாசலில் நின்று கொட்டாவி விடுவார். அவள் சொல்கிறபோது சொல்லட்டும் என்று எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள்.