ஒன்பது விநாடித் துணைக்குழு

தென்கரை உலகத் திரைப்பட ரசனை மன்றத்தில் மாதாமாதம் படம் முடிந்ததும் ஒரு பழைய பிஸ்கட் டப்பா சுற்றி வரும். அடுத்து என்ன படம் பார்க்கலாம் என்று உறுப்பினர்கள் துண்டுச் சீட்டில் எழுதிப் போடலாம். பெயர் எழுத வேண்டியதில்லை. அது ஜனநாயகம். எந்தச் சீட்டு வந்தாலும் தலைவர் வரது ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட படம்தான் ஓடும். அது நிர்வாகம்.

வரது இன்சூரன்ஸில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். தென்கரை மன்றத்தின் தலைவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியில் குடியிருப்பதை யாரும் பிரச்சினையாக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அவர் அறிமுக உரை ஆற்றுவார். படத்தின் முடிவு அதில் தவறாமல் வந்துவிடும். ஒருமுறை படம் முப்பத்தெட்டு நிமிஷம், உரை நாற்பத்தொன்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மூடிப்போன டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில், வரது சீட்டுகளைப் பிரித்துப் படித்துக்கொண்டே வந்தவர் ஒன்றை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் போட்டார். பிறகு எடுத்து மறுபடி படித்தார். எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்தது போன்ற கையெழுத்து. ‘இரண்டு ஆண்கள் காதலிக்கும் படம் ஒன்று போடலாம்’ என்று எழுதி, கீழே ஒரு படத்தின் பெயர்.

“இது யார் எழுதினது?”

இருபத்துமூன்று உறுப்பினர்களும் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

கடைசி வரிசைக்குப் பின்னால் புரொஜெக்டரின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த இளவரசன் மட்டும் ஒயரையே பார்த்தான். எழுதியது அவன்தான். இடது கையால்.

இளவரசனுக்கு நாற்பத்தொரு வயது. பாலக்கரையில் செல்போன் ரிப்பேர் கடை. கல்யாணம் ஆகவில்லை, முசிறியில் இருக்கும் சொந்தங்கள் கேட்டுக் கேட்டு அலுத்து, இப்போது நல்லது கெட்டதுக்குக் கூப்பிட மட்டும் போன் செய்கிறார்கள். பதினான்கு வருஷமாக அவன் அந்த மாதிரிப் படங்களைக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து போனில் பார்க்கிறான். வெளிச்சத்தைக் குறைத்து, ஒரு காதில் மட்டும் இயர்போன். கவுண்டர் மேல் யார் நிழலாவது விழுந்தால் கட்டைவிரல் தானாக நகரும். திரையில் கார்ட்டூன் ஓடும்.

எண்பது வருஷத்துக்கு முன்னால் தியேட்டரில் பெரிய படத்துக்கு முன் போடுவதற்காக எடுத்த ஏழு நிமிஷக் கார்ட்டூன்கள் அவை. மலை விளிம்பைத் தாண்டி ஓடும் பூனை, கீழே பார்க்கிறவரைக்கும் விழாது. வாணலியால் அடி வாங்கிய முகம் வாணலி மாதிரியே ஆகிவிடும். முதலில் அது வெறும் திரைச்சீலைதான். போகப் போக, சீலையும் அவனுக்குப் பிடித்துவிட்டது. எலி படியேறினால் வயலினும் கூடவே ஒவ்வொரு படியாக ஏறுவதைக் கவனித்தான். பூனை ஓடுகிற தெருவுக்குப் பின்னால், யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும், ஒருவர் உட்கார்ந்து சாயங்கால வானத்தை மூன்று நிறத்தில் தீட்டியிருப்பதைக் கவனித்தான். கடைத்தெரு முழுக்க அவனுக்குக் ‘கார்ட்டூன் இளவரசன்’ என்று பெயர். பக்கத்து ஸ்கூல் பேக் கடை அப்துல் ஹலீம் பாய், சென்னை போனபோது பூனைப் படம் போட்ட ஒரு கப் வாங்கி வந்து கொடுத்தார். நாற்பது வயதில் பூனைக் கப்பில் டீ குடிப்பது கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் பத்திரம்.

அந்தப் பேரால்தான் மன்றத்தில் இடம் கிடைத்தது. படத்துக்கு முன் ஏழு நிமிஷம் கார்ட்டூன் போடுவதும் புரொஜெக்டரைப் பார்த்துக்கொள்வதும் அவன் பொறுப்பு. உறுப்பினர்களில் பாதிப் பேர் அந்த ஏழு நிமிஷத்துக்காகத்தான் வருகிறார்கள் என்பது தலைவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அவன் ஆசைப்பட்டது ஒன்றுதான். அந்தப் படத்தை ஒரே ஒரு தடவை சுவர் நிறையப் பார்க்க வேண்டும். கட்டைவிரலுக்கு அடியில் அல்ல. நாற்காலி போட்டு, நாலு பேர் பக்கத்தில் இருக்க. பனி கொட்டும் ஒரு துறைமுக ஊர். ஒருவன் ரொட்டி சுடுகிறான், இன்னொருவன் கப்பலில் சமையல்காரன். இரண்டு குளிர்காலத்துக் கதை. பத்தொன்பது தடவை பார்த்துவிட்டான். ஒரு தடவைகூட இரண்டு காதாலும் கேட்டதில்லை.

“இளவரசா, ஒரு நிமிஷம் இரு” என்றார் வரது.

எல்லோரும் இறங்கிப் போன பிறகு கதவைச் சாத்தினார். வருகைப் பதிவேட்டை விரித்து, சீட்டை ஒவ்வொரு கையெழுத்துக்கும் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். விரல் கீழே இறங்க இறங்க இளவரசன் சுற்றி முடித்த ஒயரையே மறுபடி சுற்றினான். அவன் பெயர் கடைசி.

விரல் ஆறாவது பெயரில் நின்றது.

“கையெழுத்தை வேணும்னே மாத்தியிருக்கா. எனக்குத் தெரியாதா?”

“யாரு சார்?”

“மாலினி.”

மன்றத்தின் துணைத் தலைவர் மாலினி, தில்லை நகரில் பல் டாக்டர். அறிமுக உரையை ஐந்து நிமிஷமாகக் குறைக்கலாமே என்று மூன்று முறை எழுத்துமூலம் கேட்டவர்.

“படம் வேண்டாம்னா நான் பிற்போக்குவாதி. போட்டா ஊர்ல தலை காட்ட முடியாது. ரெண்டு பக்கமும் வலை விரிச்சிருக்கா. டாக்டர் கையெழுத்து பார்த்தியா, லட்சணம்?”

“இருக்கலாம் சார்” என்றான் இளவரசன். படியிறங்கும்போது தன்மேலேயே கொஞ்சம் அருவருப்பாக இருந்தது.

வலையில் சிக்காமலிருக்க வரது ஒரு முன்பார்வைத் துணைக்குழு அமைத்தார். தலைவர் அவரே. மகளிர் பிரதிநிதி அவர் மனைவி அரவிந்தவல்லி. நடுநிலையாளராகத் துறையூரிலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் பிச்சைமுத்து. எந்தப் படத்திலும் பத்தாவது நிமிஷம் தூங்கிவிடுவார் என்பதால் அவருடைய நடுநிலை கேள்விக்கு அப்பாற்பட்டது.

புதன்கிழமை மூன்று மணிக்கு, வரது வீட்டுக் கூடத்தில் ஜன்னலையெல்லாம் சாத்தி, காபி கொடுத்து, குழு கூடியது. இளவரசன் பழக்கதோஷத்தில் முதலில் ஒரு கார்ட்டூனைப் போட்டான். காவலுக்கு இருக்கும் ஒரு புல்டாக்கை ஏமாற்ற, ஓநாய் ஒன்று கல்யாணப்பெண் வேஷம் போட்டு வருகிறது. நாய் காதலில் விழுந்து ஓநாயை மூச்சுவிடாமல் முத்தமிடுகிறது. வரது சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, நோட்டைத் திறந்து, “இப்ப அந்த அசிங்கத்தைப் போடு” என்றார்.

படம் ஓடியது.

“கொஞ்சம் பின்னாடி போ. இங்க என்ன நடந்தது?”

“ரொட்டி சுடறாரு சார்.”

“அதை ஏன் இவன் அப்படிப் பாக்கறான்?”

“பசிக்கறதோ என்னமோ” என்றாள் அரவிந்தவல்லி. “விடுங்கோ, மேல ஓடட்டும்.”

இப்படிப் பதினேழு தடவை பின்னால் போனார்கள். ஒவ்வொரு தடவையும் வரது முதலில் திரையைப் பார்த்தார், பிறகு திரும்பி இளவரசனைப் பார்த்தார். தெரிந்துபோயிற்று என்று ஒவ்வொரு தடவையும் இளவரசன் நினைத்தான். ஒரு மணி இருபத்திரண்டாவது நிமிஷம் அந்த இடம் வந்தது. ரொட்டிக்காரனும் சமையல்காரனும் மாவுக் கையோடு முத்தமிட்டுக்கொண்டார்கள். பிச்சைமுத்து விழித்துக்கொண்டார். வரது கடிகாரத்தைப் பார்த்து, ‘ஒன்பது விநாடி’ என்று குறித்தார்.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் அவர் முகத்தில் பெரிய சந்தேகம்.

“இவ்வளவுதானா? நீ ஏதாவது கட் பண்ணிட்டியா?”

“இல்ல சார்.”

“நிஜமாவே இவ்வளவுதானா?” குரலில் ஏமாற்றம் இருந்ததை மறைக்க அவர் பேனாவை மூடினார்.

“அந்தப் பொம்மைப் படத்துல பதினோரு முத்தம்” என்றாள் அரவிந்தவல்லி, டம்ளர்களை அடுக்கிக்கொண்டே. “நாயும் ஆம்பளை, ஓநாயும் ஆம்பளை. அதுக்குப் புரையேறச் சிரிச்சேள்.”

“அது கார்ட்டூன், வல்லி.”

“சரி.”

தீர்மானம் எழுதப்பட்டது. ஆண்களின் தூய நட்பை உயர்ந்த தளத்தில் பேசும் இப்படத்தைத் திரையிடலாம். ஒரு நிபந்தனை: அந்த ஒன்பது விநாடி மட்டும் ஆபரேட்டர் லென்ஸுக்கு முன்னால் கையை வைத்து மறைக்க வேண்டும்.

“கட் பண்ணினா கலை கெட்டுடும். கை வெச்சா கெடாது” என்று வரது விளக்கினார். “எங்க காலேஜ் ஹாஸ்டல்ல அப்படித்தான்.”

அடுத்த திரையிடலுக்கு ஐம்பத்தொரு பேர் வந்தார்கள். ஒன்பது விநாடி பற்றிய செய்தி எப்படியோ ஆற்றைத் தாண்டியிருந்தது. மூன்றாவது வரிசையில் ஹலீம் பாய். “உங்க கார்ட்டூனை என்னிக்காவது பெருசா பாக்கணும்னு நெனச்சேன் தம்பி” என்றார். அவரை எதிர்பார்க்காத இளவரசன் புரொஜெக்டருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான். அவனுக்கு ஊர் என்றால் அவர்தான், வேறு யாருமில்லை. அவருடைய கடைக்கும் இவன் கடைக்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

வரது நட்பைப் பற்றி நாற்பத்தாறு நிமிஷம் பேசினார். “நட்பைக் கொச்சைப்படுத்த நினைக்கிற சிலர் நம்மிடையேயும் இருக்கலாம்” என்று சொல்லி மாலினியைப் பார்த்தார். மாலினி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழில்நுட்பக் காரணங்களால் ஓரிடத்தில் படம் சற்று மங்கும் என்றும், நேரமின்மையால் கார்ட்டூன் கிடையாது என்றும் அறிவிப்பு வந்தது. இரண்டாவது அறிவிப்புக்கு முணுமுணுப்பு எழுந்தது.

படம் தொடங்கியது. இளவரசன் இரண்டு காதாலும் கேட்டான். இடது பக்கத்தில் கடல் இரைந்தது. ரொட்டிக்காரனின் அறையில் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை கடல். பத்தொன்பது தடவையும் அவன் இயர்போனை வலது காதில் வைத்திருந்தான்.

ஒரு மணி இருபது. இருபத்தொன்று. முன்வரிசையில் வரது திரும்பிப் பார்த்துத் தலையை அசைத்தார். இளவரசன் கையைத் தூக்கினான். விரல் நுனியில் வெளிச்சம் பட்டது. சுவரில் ரொட்டிக்காரனின் தோள்மேல் பூதம் போல ஒரு விரலின் நிழல் விழுந்தது. மறைத்துவிட்டால் நாளைக்கும் அவன் கார்ட்டூன் இளவரசன்தான். பூனைக் கப்பில் டீ. மறைக்காவிட்டால், ஏன் மறைக்கவில்லை என்று ஐம்பத்தொரு பேரும் திரும்பி அவனைத்தான் பார்ப்பார்கள்.

கையை இறக்கித் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

வரது இருமினார். சைகை புரியவில்லையோ என்று மறுபடி இருமினார். மூன்றாவது இருமலுக்குள் முத்தம் முடிந்து ரொட்டிக்காரன் கை கழுவப் போய்விட்டான்.

விளக்குப் போட்டதும் வரது நேராகப் பின்னால் வந்தார்.

“கை எங்க?”

“அதுமேல உட்கார்ந்துட்டேன் சார்.”

“மாலினி சொன்னாளா?”

ஹலீம் பாய் இரண்டடி தள்ளி நின்று, நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

“யாரும் சொல்லல சார். அந்தச் சீட்டு நான் எழுதினது. இடது கையால. எனக்குப் பிடிச்ச படம் சார் அது. அந்த மாதிரிப் படம்தான் நான் பதினாலு வருஷமா பாக்கறேன்.”

நாற்காலி மடிக்கும் சத்தம் நின்றது.

வரது அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இரக்கத்தோடு சிரித்து, தோளில் தட்டினார். “நீ கார்ட்டூன் பாக்கற ஆளுப்பா. உனக்கு எதுக்கு இதெல்லாம்? பழியை நீ ஏத்துக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்கா, பாரு. இரு, அவளை நான் கேட்டுக்கறேன்.” வேட்டியைச் சரிசெய்துகொண்டு மாலினியைத் தேடிப் படியிறங்கினார்.

பதினான்கு வருஷம் போட்டுக்கொண்ட கார்ட்டூன் திரைச்சீலை. இப்போது கழற்றினாலும் வரவில்லை. இளவரசன் ஹலீம் பாய் பக்கம் திரும்பத் தயங்கினான். பாய் மடித்த நாற்காலியைச் சுவரில் சாய்த்தார்.

“அந்த ரொட்டிக்காரரு பாவம் தம்பி. கடைசியில தனியா விட்டுட்டானுங்க” என்றார். பிறகு, “கார்ட்டூன் போடாததுதான் குறை. அதுக்கு இன்னொரு நாள் வரணும்.”

பின்வரிசையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அரவிந்தவல்லி பிஸ்கட் டப்பாவோடு வந்து நின்றாள். ஒரு துண்டுச் சீட்டையும் பேனாவையும் நீட்டினாள்.

“போன தடவை எழுதினதை ஒண்ணும் படிக்க முடியலை. கண்ணு வலிச்சுப் போச்சு. இந்தத் தடவை வலது கையால எழுதுப்பா.”

இளவரசன் பேனாவைக் கை மாற்றிக்கொண்டான். இன்னொரு படத்தின் பெயரை எழுதினான். அடியில், ‘முன்னால் கார்ட்டூன் கட்டாயம்’ என்று சேர்த்தான். அப்புறம், எழுத வேண்டியதில்லை என்றாலும், தன் பெயரையும் எழுதினான். கடை விலாசத்தையும் எழுதியிருப்பான். சீட்டில் இடமில்லை.