தனபாலன் பெயரில் திறந்த டிரைவ்

பதினெட்டாயிரத்து நானூற்றைம்பது ரூபாய்க் கடனைப் பெரியண்ணன் கட்டிவிட்டார். பணத்தை வாங்கிய சங்கக் கிளார்க் தனபாலன் பற்றுத்துண்டு கொடுக்காமலே செத்துப்போனார். அவர் கணக்கில் பதிந்திருக்காவிட்டால் மறுபடியும் கட்ட வேண்டும்.

கண்டியிலுள்ள கூட்டுறவுச் சங்கக் கந்தோரில், பெரியண்ணன் மேசைக்கு முன்னால் காத்திருக்க, தனபாலன் இடத்துக்கு வந்த சர்மிளா கம்பியூட்டரோடு மல்லுக்கட்டினாள். கடன் கணக்கு இருந்த நெட்வொர்க் டிரைவின்மேல் சிவப்புப் புள்ளடி; திறக்கவில்லை. வயரைக் கழற்றி மறுபடி மாட்டினாள். டிரைவின் இணைப்பை நீக்கிப் புதிதாக இணைத்தாள். பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது; அவளுடையதை ஏற்கவில்லை.

"தனபாலன் பேரைப் போட்டுப் பாரு புள்ள. பன்வில வீட்டுல கருமாதி இன்னைக்குத்தானே, இன்னும் கெளம்பியிருக்க மாட்டாரு" என்றார் பெரியண்ணன்.

"பாஸ்வேர்டை யாருகிட்ட கேக்கிறது தாத்தா?"

சிரித்தபடி பெயரை மட்டும் அடித்தாள். திறந்துகொண்டது.

கடன் கணக்கின் கடைசி வரி: 'பெரியண்ணன், முழுத்தொகையும் பெற்றேன்.' பதிந்தவர் தனபாலன். பதிந்த நேரம் இன்று காலை பத்து பத்து. சுவர்க் கடிகாரத்திலும் பத்து பத்துதான்.

சர்மிளா துண்டு எழுதி, கடன் தீர்ந்ததென்று முத்திரை குத்தினாள்.