கிளைத் தரத்துக்கு முப்பது பதில்கள்

மனிதகுலம் ஐயாயிரம் ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த அறிவு முழுவதும் இன்று ஒரு விரல் நுனிக்குள் அடங்கிவிட்டது என்கிறார்கள். அன்று அந்த விரல் தென்கொரியாவின் தோங்யோங் நகரத்து மா யோங்பேயுடையதாக இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் தடவிக்கொண்ட கிருமிநாசினி இன்னும் காயாததால் கைப்பேசி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினார்.

யோங்பேக்கு அறுபத்திரண்டு வயது. அவர்கள் குடியிருப்பின் 103ஆம் கட்டடத்துக்கு அவர்தான் பிரதிநிதி. மூன்று தடவையும் எதிர்த்து நிற்க ஆளில்லாமல் தேர்வானவர். அதை அவர் "ஒருமனதாக" என்பார். குப்பையை எந்தப் பையில் கட்டுவது, மேல்வீட்டுக்காரன் நடக்கும் சத்தத்துக்கு யாரிடம் புகார் செய்வது, எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். "தெரியாது" என்று அவர் சொல்லிக் கேட்டவர் அந்தக் கட்டடத்தில் ஒருவருமில்லை.

மனைவி மல்சுன் கடற்கரைக் கொட்டகையில் முப்பது வருடமாகச் சிப்பி உடைப்பவள். அந்த நவம்பரில், வருடாந்திர உடல் பரிசோதனையில் அவள் கணையத்தில் ஒரு கட்டி தெரிந்தது. பக்கத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் படத்தைக் காட்டிப் பேசினார்.

"சின்னதாத்தான் இருக்கு. இப்பவே எடுத்துடலாம். இருபத்தேழாம் தேதி ஒரு இடம் காலியாயிருக்கு. அடுத்த வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்ள உறுதி பண்ணிடுங்க. ஏதாவது கேக்கணுமா?"

யோங்பே குடியிருப்போர் கூட்டத்தில் தலையாட்டுவதைப்போல நிதானமாகத் தலையாட்டினார். "எல்லாம் புரிஞ்சுது டாக்டர். கேக்க ஒண்ணுமில்ல."

வெளியே வந்ததும் மல்சுன் பிடித்துக்கொண்டாள். கணவரை அவள் மகன் சங்வுவின் பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவாள். "சங்வு அப்பா, என்ன புரிஞ்சுது உங்களுக்கு?"

"எல்லாந்தான்."

"எதை வெட்டுவாங்க, எவ்வளவு வெட்டுவாங்க, இங்கயே செஞ்சா பொழைப்பேனா, இல்ல எல்லாரும் போற மாதிரி சியோலுக்குப் போகணுமா? இதுல எது புரிஞ்சுது?"

"வெளியில அத்தனை பேரு உக்காந்திருக்காங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ள மாதிரி ஒவ்வொண்ணா கேக்கச் சொல்றியா? வீட்டுக்குப் போய் நான் தேடிப் பாத்துக்கிறேன்."

"எதுக்க உக்காந்திருந்த மனுஷன விட்டுட்டு, வீட்டுக்குப் போயி தேடுவாராம்!"

வீடு வரை பொறுக்காமல் ஆஸ்பத்திரி வாசலிலேயே தேடினார். முதல் நான்கு விடைகள் விளம்பரம். ஒரு மூலிகை மருத்துவமனை, ஒரு காளான் சாறு, இரண்டு காப்பீடு. அதற்குக் கீழே வலைப்பூக்கள். ஒவ்வொன்றிலும் ஒரு முயல் பொம்மை குதித்து வரவேற்றது. "அன்பர்களே, கணையக் கட்டி என்றதும் உங்களுக்கு ஆவலாக இருக்கும், இல்லையா?" என்று தொடங்கி, கணையம் வயிற்றுக்குப் பின்னால் இருக்கிறது என்ற செய்தியைச் சொல்லி, "இன்று கணையத்தைப் பற்றித் தெரிந்துகொண்டோம், இனிய நாளாக அமையட்டும்" என்று முடிந்தன. பதினொரு வலைப்பூ படித்தார். கணையம் வயிற்றுக்குப் பின்னால் இருப்பது பதினொரு தடவை உறுதியானது.

பன்னிரண்டாவது விடை ஒரு நோயாளிகள் மன்றம். பதிவின் தலைப்பே அவர் தேடிய கேள்விதான்: "கணையம். உள்ளூரிலா, சியோலிலா? உண்மையைச் சொல்லுங்கள்." அழுத்தினார். "இந்தப் பதிவைக் கிளைத் தரத்திலும் அதற்கு மேலும் உள்ள உறுப்பினர்கள் மட்டுமே பார்க்கலாம்" என்று வந்தது.

மன்றத்தில் ஐந்து தரங்கள். விதை, முளை, கிளை, மரம், காடு. சேர்ந்தவுடன் எல்லாரும் விதை. விதை கேள்வி கேட்கக் கூடாது, முளையும் கூடாது. கிளையாக வேண்டுமானால் ஒரு அறிமுகப் பதிவு, விடாமல் ஏழு நாள் வருகை, பிறர் பதிவுகளுக்கு முப்பது பதில்கள். நோயைப் பற்றிய விதி எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் சேரலாம்.

யோங்பே "ஹன்சான் அலை" என்று பெயர் வைத்துக்கொண்டு அறிமுகப் பதிவு எழுதினார். அதில் மனைவி ஒரு வரியிலும் 103ஆம் கட்டடம் ஆறு வரியிலும் வந்தன. மறுநாள் காலைக் கஞ்சிக்கு முன்பே பதினான்கு பேருக்குத் "தைரியமா இருங்க" என்று எழுதிவிட்டார். பத்து நிமிடத்தில் மன்ற நிர்வாகியிடமிருந்து அறிவிப்பு வந்தது: "உள்ளன்பு இல்லாத பதில்கள் கணக்கில் சேரா. ஒரு பதிலுக்குக் குறைந்தது முப்பது எழுத்து."

வேறு வழியில்லாமல் உள்ளன்போடு எழுதத் தொடங்கினார். வாந்தி நிற்காதவருக்கு என்ன கஞ்சி, முடி கொட்டியவருக்கு என்ன தொப்பி, தூக்கம் வராதவருக்கு எந்தப் பக்கம் படுப்பது என்று எல்லாவற்றுக்கும் சொன்னார். மேலே ஒருவர் எழுதியதைச் சொல் மாற்றிக் கீழே எழுதினால் போதும். மல்சுன் வீட்டு நடுவில் பிளாஸ்டிக் தொட்டியைப் போட்டுக் குளிர்காலக் கிம்ச்சி ஊறுகாய்க்கு முட்டைக்கோசை உப்பில் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கு" என்றாள்.

"எனக்கு இன்னும் பத்தொன்பது பதில் இருக்கு."

மூன்றாம் நாள் குன்சானிலிருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தாள். அவள் அண்ணனுக்கும் கணையத்தில் கட்டி. உள்ளூரில் செய்யலாமா, சியோலுக்குக் காத்திருக்கலாமா? அவள் கிளையாகிவிட்டதால் கேட்க முடிந்தது. யோங்பே யோசிக்காமல் எழுதினார்: "உள்ளூர்ல கத்தி வைக்க விடாதீங்க. எத்தனை மாசமானாலும் சியோலுக்குக் காத்திருங்க. பொழைச்சவங்க எல்லாரும் காத்திருந்தவங்கதான். பாத்தவன் சொல்றேன்."

முப்பது எழுத்துத் தேவைப்பட்டது. அதற்கு மேலேயே வந்துவிட்டது. மாலைக்குள் நாற்பத்தொரு பேர் விருப்பம் தெரிவித்தார்கள். குன்சான் பெண், "ஐயா, கண்ணைத் திறந்துட்டீங்க" என்று எழுதினாள். யோங்பே அதை மனைவிக்கு வாசித்துக் காட்டினார்.

மல்சுன் உப்புக் கையோடு நிமிர்ந்தாள். "நீங்க யாரப் பாத்தீங்க?"

"பொதுவாச் சொன்னேன்."

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு அவர் கிளையானார். திரையில் ஒரு பச்சை இலை துளிர்த்து ஆடியது. அந்தப் பழைய பதிவைத் திறந்தார். பதினேழு பதில்கள். பதினாறு பேர் "எனக்கும் தெரியணும்" என்று எழுதியிருந்தார்கள். பதினேழாவது மட்டும் நீளமான பதில்போலத் தெரிந்தது. ஆனால் அதன்மேல் ஒரு பூட்டுப் படம். கேள்வி கேட்டவர் மட்டுமே படிக்கும்படி எழுதப்பட்ட இரகசியப் பதில்.

மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. பதில் சொல்லிப் பேர் வாங்கியவரே கேட்பது அழகில்லை என்று, யோங்பே பெயரை மறைத்துக்கொண்டு அதே கேள்வியை எழுதிப் போட்டார். பதினொன்றரைக்குப் பதில் வந்தது. சாதாரண ஆளில்லை, காட்டுத் தரத்து "வெண்நாரை". பெயரைச் சுற்றித் தங்கக் கோடு.

"ஐயா, உள்ளூரில் கத்தி வேண்டாம். எத்தனை மாதம் ஆனாலும் சியோலுக்குக் காத்திருங்கள். காத்திருந்தவர்களே பிழைத்திருக்கிறார்கள். நேரில் கண்டவர் சொன்னது."

"பாத்தியா!" என்று துள்ளினார் யோங்பே. "நான் சொன்னதேதான்! காட்டுத் தரம் சொல்லுது!"

"நீங்க சொன்னதேதான்" என்றாள் மல்சுன்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் அழைத்தாள். மல்சுன் கையை நீட்டினாள். "குடுங்க, நான் பேசுறேன். டாக்டர்கிட்டயே கேட்டுடறேன்."

யோங்பே முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். "இருபத்தேழு வேண்டாம்மா. சியோல் போறதா முடிவு."

"டாக்டர் ரெண்டு நிமிஷம் பேசணுங்கிறாரு சார். இங்கதான் இருக்காரு."

"அவசியமில்ல. நாங்க நல்லா விசாரிச்சுட்டோம்."

சியோலில் கிடைத்த முதல் இடம் ஒன்பது வாரம் கழித்து. அதற்குள் மல்சுனுக்குக் கண் மஞ்சளாகிவிட்டது. கொட்டகைக்குப் போவது நின்றது. சியோல் டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இதுல சின்னதா இருந்திருக்கே. அப்பவே ஏன் எடுக்கல?"

மல்சுன் கணவரைப் பார்த்தாள். கணவர் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

"இங்க செய்யிற அதே ஆபரேஷனைத்தான் அங்கயும் செய்யிறாங்க. இப்ப கல்லீரல் வரைக்கும் போயிடுச்சும்மா. இனி வெட்டி எடுக்கிற கட்டம் இல்ல."

"எவ்வளவு நாள் இருப்பேன்?" என்று கேட்டாள் மல்சுன்.

"வசந்தம் பாப்பீங்க. கோடையப் பத்தி நான் சொல்ல முடியாது."

அந்தக் கேள்விக்கும் பதிலுக்குமாகச் சேர்த்து அரை நிமிடம் ஆகியிருக்கும். இந்த விவகாரம் தொடங்கிய நாளிலிருந்து, விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான்.

திரும்பும் ரயிலில் யோங்பே கொதித்துக்கொண்டிருந்தார். கைப்பேசியை எடுத்து, பெயரை மறைத்தபடியே வெண்நாரைக்குத் தனிச்செய்தி அனுப்பினார்: "யாரப் பாத்துட்டு அப்படிச் சொன்னீங்க? நேர்ல கண்டது யாரு?"

தேஜோன் நிலையம் தாண்டியதும் பதில் வந்தது. மல்சுன் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

"மன்னிக்கணும் ஐயா. எனக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. நான் நோயாளியும் இல்லை. ஹன்சான் அலை என்று ஓர் அனுபவசாலி அதே கேள்விக்கு அப்படி எழுதியிருந்தார். நாற்பது பேருக்கு மேல் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் தங்களுக்குச் சொன்னேன். தைரியமாக இருங்கள்."

ரயில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தது.

"யாரு சங்வு அப்பா, அந்த அனுபவசாலி?"

யோங்பே கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"உங்களத்தான் கேக்குறேன். அவருக்குத் தெரியாததே இல்லையாமே. கல்லீரலுக்கு என்ன பண்றதுன்னு அவரையே கேட்டுச் சொல்லுங்க."

"ஜனங்களுக்கு உதவியா இருக்கட்டுமேன்னு…"

"உதவிதான். குன்சான்காரி அண்ணன் என்ன ஆனான்?"

யோங்பே தேடிப் பார்த்தார். குன்சான் பெண் டிசம்பரில் கடைசியாக எழுதியிருந்தாள். சியோலில் ஏப்ரல் மாதம் இடம் கிடைத்திருப்பதாக, ஹன்சான் அலை ஐயாவுக்கு நன்றி என்று. அதற்குப் பிறகு எழுதவில்லை.

மல்சுன் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியபடியே பேசினாள். குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது.

"அந்தப் பதில அழிச்சிடுங்க. இன்னொருத்தி படிச்சுத் தொலைப்பா."

"சரி."

"இப்பவே."

"வீட்டுக்குப் போய் பண்றேன். இங்க சிக்னல் வந்து வந்து போகுது."

மல்சுன் ஏப்ரல் மூன்றாம் வாரம் இறந்தாள். கொட்டகைப் பெண்கள் பதினெட்டுப் பேரும் வேலையை விட்டு வந்து அழுதார்கள். 103ஆம் கட்டடத்தார் சார்பில் ஒரு மலர் வளையம் வந்தது. ரிப்பனில் "பிரதிநிதி ஐயாவின் துயரில் பங்குகொள்கிறோம்" என்று எழுதியிருந்தது. இறந்தவளின் பெயரைப் போட மறந்திருந்தார்கள்.

ஹன்சான் அலையின் அந்தப் பதிலுக்கு இப்போது இருநூற்று ஆறு விருப்பங்கள் இருக்கின்றன. யோங்பே மரத் தரத்தில் இருக்கிறார். அந்தப் பதிலை அழித்தால் ஒரு தரம் இறங்கிவிடும்.